கூத்துப் பாட்டைப் பதிய 90 ஆயிரத்துக்கு மைக் வாங்கலாமா?

அம்மாபேட்டை தறிக்காரன்

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். என் பெரியப்பா ஓமலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் கூத்து வாத்தியார், வயது 68. நாற்பது வருடம் பெண் வேஷம் கட்டியவர், கர்ணனின் மனைவி பொன்னுருவி வேஷம் என்றால் எங்கள் பக்கம் அவரைத்தான் தேடி வருவார்கள். முழங்கால் வலியால் இரண்டு வருடமாக ஆட்டத்துக்குப் போவதில்லை. குரல் இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கு இருக்கும் என்று தெரியாததால் அவருக்கு மனப்பாடமாக இருப்பதை முடிந்தவரை பதிந்து வைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

போன மாதம் டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். ஏசி, கண்ணாடி அறை, ஒரு பெரிய மைக், அது மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் என்றார்கள். காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். பெரியப்பா ஒரு அடி பாடுவார், நிறுத்துவார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்து "சரிங்களா தம்பி?" என்பார், மறுபடி முதலிலிருந்து. இரண்டு மணி நேரத்தில் மூன்று விருத்தம்தான் முடிந்தது. கேட்டுப் பார்த்தால் மூச்சு இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்கிறது, ஆனால் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு பக்கம், 2019 ஆடியில் ஒரு கோயில் கூத்தில் நான் போனில் எடுத்தது இருக்கிறது. கர்ணன் போருக்குப் புறப்படுகிறான், பொன்னுருவி வழிமறித்து தர்க்கம் பண்ணுகிறாள், ராத்திரி மூன்று மணி. குழாய் ஸ்பீக்கர் அலறுகிறது, மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கரகரவென்று உடைகிறது, பாதி வார்த்தை புரியவில்லை. ஆனாலும் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கிறது.

சீட்டு எடுத்த பணம் 90 ஆயிரம் கையில் இருக்கிறது. ஸ்டுடியோக்களில் வைக்கிற மாதிரி நல்ல கண்டென்சர் மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் வாங்கிவிடலாமா, இல்லை கருவி ஒரு விஷயமே இல்லையா? ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமாவின் காப்பித் தோட்டத்து வீடு காலியாகக் கிடக்கிறது, சத்தம் இருக்காது, அங்கே வைத்துப் பதியலாம் என்றும் ஒரு யோசனை.

---

மிக்சர் மேசை

இருபது வருடமாக இந்தப் பக்கம் மேடைக்கும் ரெக்கார்டிங்குக்கும் ஒலி பார்க்கிறேன். பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

ஸ்டுடியோ மைக் மேல் தப்பில்லை, அது கேட்டதை அப்படியே எழுதிக் கொடுத்தது. உங்கள் பெரியப்பாவின் குரல் திறந்தவெளியில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரப் பழகின குரல். அதைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, காதை மூடி, தன் குரலையே கம்பி வழியாகக் கேட்க வைத்தால் எப்படிப் பாடுவார்? எஸ்.ஜி. கிட்டப்பாவை நினைத்துப் பாருங்கள். நாடக மேடையில் மைக் இல்லாமல் பாடியவர், 1933-இல் 27 வயதில் போய்விட்டார். அவரிடமிருந்து நமக்கு மிஞ்சியது ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம் ஓடும் 78 சுற்று இசைத்தட்டுகள்தான், இன்றைக்கு நம் சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு முன்னால் அந்தக் கருவி ஒன்றுமே இல்லை, இரைச்சலுக்கு நடுவில்தான் கேட்க வேண்டும். இருந்தும் அந்தக் குரல் மேலே ஏறும்போது இரைச்சல் காதில் விழுவதில்லை. அதற்கும் முன்னால் 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது மைக்கே கிடையாது, ஒரு தகரப் புனலுக்குள் பாட வேண்டும். மின்சார மைக் வைத்து இசைத்தட்டு எடுப்பது 1925-க்கு அப்புறம் வந்தது. நம்ம ஊர் சினிமா ஸ்டுடியோ மாடர்ன் தியேட்டர்ஸை டி.ஆர். சுந்தரம் தொடங்கின முப்பதுகளில்கூட நடிகர் நடித்துக்கொண்டே பாடுவார், படம் எடுக்கும்போதே பாட்டும் பதிவாகும். பாடத் தெரியாதவரை அன்றைக்கு எந்தக் கருவியும் காப்பாற்றாது.

உங்கள் கதைக்கு ரொம்பக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்து நாலு ட்ராக் கேசட் மெஷினில் மாதிரிக்காகச் சில பாட்டுகளைப் பாடிவைத்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள், கேசட்டில் இருந்தது வரவே இல்லை. கடைசியில் அந்தக் கேசட்டைத்தான் நெப்ராஸ்கா என்ற ஆல்பமாக வெளியிட்டார். அவர் வைத்திருந்தது ஷூர் எஸ்எம்57 மைக், இன்றும் இங்கே பத்தாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்டென்சர் மைக் ரொம்பக் கூர்மையானது. அம்மாபேட்டை வீட்டில் அதை வைத்தால் நாலு வீடு தள்ளி ஓடும் விசைத்தறி, மின்விசிறி, தெருவில் போகிற மொபெட் எல்லாமே பாட்டோடு உள்ளே வரும். செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் முதலில் அறைக்குச் செய்யுங்கள்.

---

தாரமங்கலம் தவில்

மேலே அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை ஒத்துக்கொள்ள முடியாது. பாட்டு நன்றாக இருந்தால் போதும் என்ற பேச்சை நம்பி நான் கெட்டுப்போயிருக்கிறேன்.

எங்கள் அப்பாயி ஒப்பாரி பாடும். 2016-இல் ஒரு சாவு வீட்டில் பாடியதை என் போனில் எடுத்தேன். அப்பாயி உச்சத்துக்குப் போகிற இடத்தில் எல்லாம் போன் தாங்கவில்லை, ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிட்டது. அடுத்த வருடம் அப்பாயி போய்விட்டது. மூன்று பேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், ஓரளவு மழுக்கிக் கொடுத்தார்களே தவிர யாராலும் சரி செய்ய முடியவில்லை, ஏனென்றால் வெட்டுப்பட்ட இடத்தில் என்ன இருந்தது என்ற தகவலே கோப்பில் கிடையாது. அப்பாயி அன்றைக்குப் பாடியதைவிடப் பெரிய பாட்டு என்ன இருக்கிறது சொல்லுங்கள். அது என்னிடம் இருக்கிறது, ஆனால் கேட்க முடியவில்லை. உங்கள் 2019 பதிவிலும் மிருதங்க அடிக்கு உடைவது இதேதான். இதுபோக, சத்தம் கூடினால் போன் தானாக அமுக்கும், குறைந்தால் தானாக ஏற்றும், வாத்தியார் வேண்டுமென்றே குரலைத் தணித்துப் பாடும் இடம் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும்.

அதனால் லட்சம் வேண்டாம், ஆனால் கொஞ்சம் செலவு செய்தே ஆக வேண்டும். இருபதாயிரத்துக்குள் 32 பிட் ஃப்ளோட் கையடக்க ரெக்கார்டர் கிடைக்கிறது. பதிவின் ஒலி அளவை, அதாவது லெவலை, தப்பாக வைத்துவிட்டாலும் பின்னால் இறக்கிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று, மைக்கின் தலையே தாங்காத சத்தம் என்றால் அதுவும் காப்பாற்றாது, தவிலுக்கு அரை அடியில் வைத்து நானே பட்டிருக்கிறேன். சாதாரண ரெக்கார்டர் என்றால் 24 பிட்டில் வைத்து, அவர் முழுக்குரலில் பாடும்போது லெவல் காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேவ் கோப்பாக எடுங்கள், ஒரு மைக்குக்கு மணிக்கு 500 எம்பிதான் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துக்கொண்டு அதுவே பிரதி என்று இருந்துவிடாதீர்கள்.

---

நாகலூர் மலைக்காரி

நான் ஏற்காட்டில்தான் இருக்கிறேன். தோட்டத்து வீடு அமைதி என்று கீழே இருப்பவர்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். பொழுது சாய்ந்தால் சில்வண்டு கத்துகிற கத்து, அதே சுருதியில் விடிய விடிய நிற்கும், எந்த மென்பொருளிலும் சுத்தமாக எடுக்க வராது. தகரக் கூரையாக இருந்தால் மழை பெய்ய வேண்டும் என்றே இல்லை, சில்வர் ஓக் மரத்திலிருந்து பனித்தண்ணீர் சொட்டினாலே போதும். அப்புறம் குளிர். 1500 மீட்டர் உயரத்தில் ராத்திரிக் குளிரில் 68 வயதுத் தொண்டையைத் திறந்து பாடச் சொல்கிறீர்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள், காப்பி குடித்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்க்கட்டும், பாட்டு வேண்டாம்.

நான் கேட்க நினைப்பது வேறு. என் அப்பா ஒரு கூத்துக் குழுவில், ஜமாவில், முகவீணை என்ற சின்ன ஊதுகருவி வாசித்தவர், சின்ன வயதில் விடிய விடியக் கூத்து மேடைக்குப் பின்னால் படுத்துத் தூங்கி வளர்ந்தவள் நான். ஸ்டுடியோவில் பெரியப்பாவுக்குப் பின்பாட்டு யார் பாடினார்கள்? மிருதங்கம் இருந்ததா? எதிரில் கர்ணன் யார்? ஒருத்தரும் இல்லை என்றால் பொன்னுருவி யாரிடம் தர்க்கம் பண்ணுவாள்? ஒரு அடியை வாத்தியார் எடுத்தால் பின்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்த இடைவெளியில்தான் அவருக்கு மூச்சும் அடுத்த அடியும் வரும். அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு உயிர் இல்லை என்றால் என்ன நியாயம். அவரோடு கர்ணன் கட்டினவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வையுங்கள், கூத்துக்காரர்களுக்குக் காலையில் தொண்டை எழும்பாது. நாலு பேர் எதிரில் உட்கார்ந்து கேட்கட்டும்.

---

அம்மாபேட்டை தறிக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி. மலைக்காரி அக்கா கேட்ட கேள்வி ராத்திரியெல்லாம் தூங்க விடவில்லை. விசாரித்ததில் கர்ணன் கட்டினவர் மேச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார், 71 வயது. போய்க் கூட்டி வந்தேன். பெரியப்பாவும் அவரும் பார்த்து நாலு வருடமாம்.

பெரியப்பா வீட்டு உள்ளறையிலேயே வைத்தோம். பின்னால் கயிறு கட்டி இரண்டு ரஜாய், தரையில் ஜமுக்காளம், மின்விசிறியை நிறுத்தியாயிற்று. தெரிந்தவரிடம் இரண்டு எஸ்எம்58 மைக், ஒரு ரெக்கார்டர் வாடகைக்கு, எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். மைக்கின் முதுகு தெருப் பக்கம் இருக்கும்படி ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். ஹெட்போன் கிடையாது. எதிரில் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறேழு பேரும்.

முதல் அரை மணி நேரம் சுமார்தான். அப்புறம் மேச்சேரிக்காரர் ஒரு அடியை மறந்துவிட்டு நின்றார். பெரியப்பா நிறுத்தவில்லை, பொன்னுருவி குரலிலேயே, அதே ராகத்தில், அவர் மறந்த அடியையே கேள்வியாகத் திருப்பிப் போட்டு எடுத்துக் கொடுத்தார். அவர் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து இரண்டு பேரும் போன போக்கு! பெரியப்பா உட்கார்ந்த இடத்திலேயே முந்தானையை இழுத்துச் சொருகுகிற மாதிரி கை போகிறது, வேட்டி கட்டியிருக்கிறார். நடுவில் பெரியம்மா டம்ளரைத் தரையில் வைத்த சத்தம் பதிவில் நன்றாகவே கேட்கிறது. மொத்தம் இரண்டே கால் மணி நேரம், எங்கேயும் உடையவில்லை.

அந்த டம்ளர் சத்தத்தை எடுத்துவிடவா? அடுத்த ஞாயிறு மறுபடி உட்காருகிறோம், முகவீணை மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

---

நாகலூர் மலைக்காரி

அப்பாவிடம் சொன்னேன். முகவீணையின் வாயில் செருகி ஊதும் சீவாளியை எங்கே வைத்தேன் என்று பெட்டியைத் துழாவிக்கொண்டிருக்கிறார். மத்தியானப் பஸ்ஸில் ஏற்றி விடுகிறேன், ஓமலூரில் வந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

---

மிக்சர் மேசை

டம்ளர் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முகவீணைக்குத் தனி மைக் வேண்டாம், அவரை அறையின் அந்தக் கோடியில் உட்கார வையுங்கள், பக்கத்தில் இருந்தால் பெரியப்பா குரலை மூடிவிடும். தூரம் இரட்டிப்பானால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும், உங்கள் சின்ன அறையில் அவ்வளவு கிடைக்காது, அதனால் அவருக்குப் பின்னாலும் ஒரு ரஜாயைத் தொங்கவிடுங்கள். முதல் நாள் பதிவை இன்றைக்கே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டீர்களா?