கறுப்புக் காயில் ஆடி 200 புள்ளி மேலானவரை வென்றது அதிர்ஷ்டமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
கோயம்புத்தூரில் நடந்த சதுரங்கத் தரப்போட்டி ஒன்றில், 1540 தரப்புள்ளி உள்ள என் அக்கா மகன், வயது 13, கறுப்புக் காய்களுடன் ஆடி 1740 புள்ளி உள்ள ஒருவரை 46 நகர்த்தல்களில் வென்றான். பேருந்து வேலந்தாவளம் தாண்டும் வரைக்கும் உடன் வந்தவர்கள் "எதிராளி அலட்சியமாக ஆடிவிட்டார்" என்றே சொல்லிக்கொண்டு வந்ததில் பையன் முகம் வாடிவிட்டது. இத்தகைய வெற்றி எவ்வளவு அரிது? கறுப்பில் வென்றதற்குக் கூடுதல் புள்ளி உண்டா?

மறுமொழி (பாலக்காடு):
200 புள்ளி இடைவெளிக்கு, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணை தாழ்ந்தவருக்குத் தரும் எதிர்பார்ப்பு, அதாவது ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுக்கக்கூடிய புள்ளி, 0.24. டிராவின் அரைப் புள்ளியும் இதற்குள் அடங்குவதால், நேரான வெற்றிக்கான வாய்ப்பு இன்னும் குறைவு. 18 வயதுக்குட்பட்டு 2300-க்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெருக்கெண் 40 என்பதால், வெற்றிக்கான 1-இல் 0.24-ஐக் கழித்துப் பெருக்கினால் இந்த ஓர் ஆட்டத்திற்கு மட்டும் 30.4 தரப்புள்ளி சேரும். கறுப்புக்குத் தனிச் சலுகை கிடையாது. முதலில் நகர்த்துவதால் வெள்ளைக்குச் சற்று அனுகூலம் உண்டென்று எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், சூத்திரத்தில் அதற்கு இடமில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

மறுமொழி (கம்பம்):
ஐயா, அலட்சியம் என்பது பெரும்பாலும் தோற்றவர் பக்கத்துப் பேச்சு. பயிற்சியாளனாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். டிரா ஆனாலே தமக்குப் புள்ளி குறையும் என்பதால், உயர்ந்த தரமுடையவர் சமமான நிலையையும் வலிந்து இழுத்துப் பார்ப்பார். அந்த இழுப்பில்தான் சிப்பாய்களை முன்னே தள்ளித் தம் ராஜாவுக்குப் பக்கத்திலேயே ஓட்டை விடுவார். பொறுமையாகக் காத்திருக்கும் கறுப்புக்கு அது போதும். 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் இணையவழிப் போட்டியில் 16 வயதுப் பிரக்ஞானந்தா கறுப்பில் ஆடி 39 நகர்த்தல்களில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை வென்றபோதும், துரித ஆட்டம்தானே என்றவர்கள் இருந்தார்கள். 2024-இல் நார்வேயில், வெள்ளைக் காயில்தான் என்றாலும், நீண்ட நேரக் கிளாசிக்கல் ஆட்டத்திலேயே அவரை வென்றார். உங்கள் மருமகனின் குறிப்புத்தாளில் டிரா கேட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். 27-ஆம் நகர்த்தலுக்குப் பக்கத்தில் சமக்குறி போட்டிருக்கிறது. கேட்டவன் இவன், மறுத்தவர் அவர். அதற்கடுத்த நான்கு நகர்த்தல்களுக்குள் வெள்ளையின் ஜி வரிசைச் சிப்பாய் இரண்டு முறை முன்னேறியிருக்கிறது. பின்னால் திறந்துகிடந்த அந்த வழியாகத்தான் இவனுடைய ராணி உள்ளே நுழைந்திருக்கிறது.