புதுப்பிப்பு: தம்பியின் சம்பளப் பாக்கி

கலிஃபோர்னியா உணவகம் ஒன்றில் ஓவர்டைமும் டிப்ஸும் தராமல் சித்தப்பா மகனை இழுத்தடிப்பதாக எழுதியிருந்தேன் அல்லவா? கூலிப் புகார்களை விசாரிக்கும் மாநில அதிகாரியான லேபர் கமிஷனரிடம் புகார் கொடுத்தாயிற்று. அங்கே விசா பற்றிக் கேட்பதே இல்லை. விசா நிலையைச் சொல்லி முதலாளி மிரட்டினால் அதுவே சட்டவிரோதம். (“கேஸ் போட்டால் பெயர் கெடும்” என்றவர்களே, யார் பெயர்?) வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி. 3 ஆண்டுப் பாக்கிவரை கேட்கலாம். காலண்டரில் அவன் பென்சிலால் குறித்துவைத்த நேரக்கணக்கையும் இணைத்திருக்கிறோம்.

என் ஆத்திரமெல்லாம் அவன் உடம்பைப் பார்த்துத்தான். எண்ணெய் தெறித்து முன்கை வெந்தபோது, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு மறுபடி அடுப்படிக்கே போயிருக்கிறான். லீவு போட்டால் வாடகைக்கு வழியில்லை. சம்பளத்தோடு ஆண்டுக்கு 5 நாள் நோய்விடுப்பு சட்டப்படி உண்டு என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பாக்கியை ஈடுகட்ட இன்னொரு வேலையும் பார்த்ததில் தூக்கம் போய், பிபி மாத்திரை வந்துவிட்டது. தீக்காயத்துக்குத் தனியாக இழப்பீடு கேட்க, அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கிறோம்.