நைட் ஆடிட்: 'இரவுத் தணிக்கை' வேண்டாம், 'நாள்முடிப்பு' போதும்

வணக்கம்.

தங்கும் விடுதி மென்பொருளின் தமிழாக்கத்தில், அன்றைய கணக்கை முடித்து அடுத்த நாளுக்கு நகர்த்தும் நைட் ஆடிட் பொத்தானுக்கு 'இரவுத் தணிக்கை' என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. தணிக்கை என்றால் ஒருவர் எழுதிய கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பது. நான் வரவேற்பு மேசையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். அந்தப் பொத்தானை அழுத்தினால் ஆள் தங்கியிருக்கும் ஒவ்வொரு அறையின் கணக்கிலும் அன்றைய வாடகையும் வரியும் ஏறும், முன்பதிவு செய்துவிட்டு வராமல் போனவர்கள் தனியே பிரிவார்கள், அறிக்கைகள் உருவாகும், கடைசியாக மென்பொருளின் தேதியே அடுத்த நாளுக்கு நகரும். சரிபார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: காசாளர்கள் கணக்கை ஒப்படைத்தார்களா, இன்று காலி செய்ய வேண்டிய அறை இன்னும் செக்-அவுட் ஆகாமல் கிடக்கிறதா என்பதெல்லாம்.

'நாளிறுதி' என்றும் ஒரு யோசனை வந்தது. வார இறுதி மாதிரி அது ஒரு பொழுதைத்தான் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. 'நாளடைப்பு' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கடையடைப்பு உடனே நினைவுக்கு வந்துவிடும். விடுதியோ ஒரு நிமிடம்கூட மூடுவதில்லை.

அதனால் 'நாள்முடிப்பு' என்கிறேன். 'கணக்கை முடிச்சாச்சா' என்று ஏற்கெனவே பேசுகிறோம், புதிதாகப் பழக வேண்டியதில்லை. ஒரே ஒரு சிக்கல்: பொத்தானில் 'நாளை முடி' என்று எழுதிவிடக் கூடாது, தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் அதை நாளைக்கு முடித்தால் போதும் என்று படிப்பார். 'நாள்முடிப்பைத் தொடங்கு' என்றே இருக்கட்டும்.

அப்புறம் பிசினஸ் டேட், அதாவது மென்பொருள் எந்த நாளின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறதோ அந்தத் தேதி. 'வணிகத் தேதி' என்பதைவிட 'கணக்குத் தேதி' பொருந்தும் என்று நினைக்கிறேன். 15-ஆம் தேதி அதிகாலை 1:30-க்கு ஒருவர் வந்து சாவி வாங்குகிறார், நாள்முடிப்பு இன்னும் ஓடவில்லை என்றால் அவருடைய செக்-இன் 14-ஆம் தேதிக் கணக்கில்தான் விழும். சுவரில் ஒரு தேதி, கணக்கில் ஒரு தேதி. புதிதாகச் சேர்பவர்கள் தடுமாறுவது இங்கேதான், பெயரே அதை விளக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

(மென்பொருளின் பெயரிலேயே, ப்ராப்பர்ட்டி மேனேஜ்மென்ட் என்பதற்கு 'சொத்து மேலாண்மை' என்று இருக்கிறது. படிப்பவர் வீடு, நிலம் என்று நினைப்பார். 'விடுதி மேலாண்மை' என்று மாற்ற வேண்டும்.)

பொத்தானை அழுத்தியதும் வரும் எச்சரிக்கைச் செய்தியில் இப்போது இருப்பது 'தணிக்கையைத் தொடரவா?' என்பது மட்டும்தான். தேதி நகர்ந்துவிட்டால் பெரும்பாலான மென்பொருள்களில் பின்னால் போக வழியில்லை, தவறான பதிவை மறுநாள் சரிக்கட்டும் பதிவு போட்டுத்தான் திருத்த வேண்டும். ஆகவே இப்படி மாற்றலாம்: 'கணக்குத் தேதி 14-இலிருந்து 15-க்கு மாறும். மாறிய பின் திரும்ப முடியாது. நாள்முடிப்பைத் தொடங்கலாமா?'

'நாள்முடிப்பு' சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா? எனக்குச் சேர்த்து எழுதுவதே சரி, ஒரே செயலின் பெயர் என்பதால். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.