மாங்காய் சீசனில் எடைமேடையை நிறுத்திய லூப்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை, பெயர் வேண்டாம். பெங்களூரா காய் ஏற்றிய வண்டிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கின்றன. எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு ஆபீஸ் சர்வர் கிடைக்கவில்லை, சீட்டு அடிக்க முடியவில்லை. "நெட்காரங்க சரியில்லைங்க" என்றார் மேனேஜர். மோடத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஆபீஸுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போகவில்லை. நெட்டைத் திட்டிப் பயனில்லை.

கேபிள்களையெல்லாம் ஒன்று சேர்க்கும் பெட்டியான ஸ்விட்சில் விஷயம் தெரிந்துவிட்டது. வழக்கமாக ஒவ்வொரு விளக்கும் தன் போக்கில் மினுக்கும். இங்கே எல்லாமே ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி. லூப், அதாவது போன தகவலே திரும்பத் திரும்பச் சுற்றிவரும் வளையம்.

ஆபீஸ் மாடிக்கும் எடைமேடைக்கும் நடுவே இரண்டு ஏபிகள் (வைஃபை பெட்டிகள்) டபிள்யூடிஎஸ் பிரிட்ஜாக, அதாவது கம்பியில்லாப் பாலமாக ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் கேமரா மாட்ட வந்தவர்கள் அங்கே கேபிளும் இழுத்து, எடைமேடை அறையின் சின்ன ஸ்விட்சிலேயே செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு வழியும் சேர்ந்து வளையமாகிவிட்டது. ஐபி பாக்கெட்டுக்காவது டிடிஎல் என்ற ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துவிடும். ஸ்விட்சுகளுக்குள் ஓடும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அதெல்லாம் கிடையாது. இந்த ஐபி யாருடையது என்று எல்லோரையும் கேட்கும் ஏஆர்பி பிராட்காஸ்ட் ஒன்று கிளம்பினால் போதும், செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், போகிற போர்ட்டிலெல்லாம் நகல் விட்டுக்கொண்டு.

கேபிளைப் பிடுங்கியதும் சீட்டு அடித்தது. ஆனால் கேபிள்தான் நல்ல வழி, அதை விட மனசில்லை. லூப் வந்தால் ஒரு வழியை அடைத்துவைக்கும் ஏற்பாடு எஸ்டிபி, அதன் வேகமான வடிவம் ஆர்எஸ்டிபி. ஆபீஸ் ஸ்விட்சில் ஆர்எஸ்டிபியைப் போட்டு, பிரையாரிட்டியை 32768-லிருந்து 4096 ஆக்கி (சின்ன எண்தான் ஜெயிக்கும்) அதையே ரூட்டாக, அதாவது தலைமை ஸ்விட்சாக வைத்தேன். இரண்டு ஏபியிலும் எஸ்டிபி ஆன், வயர்லெஸ் பக்கம் காஸ்ட் (வழிக்கான செலவு எண்) அதிகம். இப்போது கேபிள் ஓடும், வயர்லெஸ் அடைபட்டுக் கிடக்கும். கேபிள் அறுந்தால் வயர்லெஸ் எழுந்துவிடும். ஏபியில் இருப்பது பழைய எஸ்டிபி, மாற 50 விநாடி வரை ஆகும். லாரிக்காரர் பொறுத்துக்கொள்வார்.

நடுவில் மலிவான ஸ்விட்ச் இருந்தால் மட்டும் கவனம். சிலது எஸ்டிபி தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பிபிடியூ செய்தியைக் கடத்தாமல் விழுங்கிவிடும். எஸ்டிபி ஆன் என்று திரையில் காட்டும், லூப் அப்படியே இருக்கும். கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

பர்கூரிலிருந்து ஒருவர் எழுதியது:

அண்ணா, எங்களுக்கு லூப் இல்லை, நெரிசல். கிரானைட் யார்டில் ஏபிகளைச் சங்கிலியாக ரிப்பீட்டர் போட்டிருந்தார்கள், எல்லாம் ஒரே ரேடியோ, ஒரே சேனல். வாங்கியதை அதே சேனலில்தான் திரும்ப அனுப்ப வேண்டும், அதனால் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் கிட்டத்தட்ட பாதி. கடைசி ஏபியில் கேமராப் படம் ஓடவே இல்லை. இணைப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம், போன்களுக்கு 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 சேனல்கள். வெட்டிய கற்களை உயரமாக அடுக்கினால் சிக்னல் போச்சு, கம்பத்தை ஏற்றித்தான் ஆக வேண்டியிருந்தது.

தர்மபுரியிலிருந்து இன்னொருவர் எழுதியது:

ஹாஸ்டல் ஒன்றில், மற்ற ஏபிகளோடு வயர்லெஸிலேயே இணையும் மெஷ் ஏபிக்குப் பின்னாளில் கேபிள் கொடுத்தார்கள், வயர்லெஸ் அப்லிங்கை அணைக்கவில்லை. பகலெல்லாம் நன்றாக ஓடும், திடீரென்று படுத்துக்கொள்ளும். ஸ்விட்ச் லாகில் (பதிவேட்டில்) ஒரே மேக் முகவரி, அதாவது ஒரு கருவியின் அடையாள எண், இரண்டு போர்ட்டுக்கு மாறி மாறித் தாவிக்கொண்டிருந்தது. அப்லிங்கை அணைத்துவிட்டு, பிராட்காஸ்டுக்கு ஸ்டார்ம் கண்ட்ரோல் (அளவு மீறினால் வெட்டிவிடும்) வரம்பும் போட்டுவிட்டு வந்தேன். ரூட்டை மட்டும் தொட வேண்டியிருக்கவில்லை.