போலியோவை விரட்டியது கழிப்பறையா?

மேட்டூரான்: சொட்டு மருந்தால் போலியோ போகவில்லை, கழிப்பறையும் நல்ல தண்ணீரும் வந்ததால்தான் போனது என்று கதிர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2009இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ, பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார். 2010இல் 42. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தை, அத்தோடு சரி. ஒரே வருடத்தில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிவிட்டார்களா?

கதிர்: மலத்தில் பரவும் கிருமிக்குச் சுகாதாரம்தான் மருந்து. எண்ணைக் காட்டி மிரட்ட வேண்டாம். டெங்கு விவாதத்திலும் இப்படித்தான் என்னை மடக்கப் பார்த்தீர்கள், மறக்கவில்லை.

மேட்டூரான்: டெங்குவை ஏன் இழுக்கிறீர்கள்? 741, 42. இடையில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள். 2010 ஜனவரியில் இரண்டு வகை வைரசுக்கும் சேர்த்து புது சொட்டு மருந்து வந்தது. தூய்மை இந்தியா திட்டமே 2014 அக்டோபரில்தான்! அமெரிக்காவில் அத்தனை கழிப்பறை இருந்தும் 1952இல் ஐம்பதாயிரத்துக்கு மேல் போலியோ, அது சரிந்தது 1955இல் தடுப்பூசி வந்த பிறகு.

சரசு: மருந்து வந்ததாம், குறைந்ததாம். அது தானாக நடந்தா போனது? நான் கிராம செவிலியராக இருந்தவள். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி, பிள்ளைகளின் சுண்டுவிரலில் மை வைத்து, விடுபட்ட வீட்டுக்கு மறுநாளும் போனோம். எங்களைப் பற்றி ஒரு வரி உண்டா?

மேட்டூரான்: அக்கா, நான் உங்கள் பக்கம்தான் பேசுகிறேன்.

சரசு: என் பக்கம் என்றால் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். போன வருடமும் இதே கதைதான்.

கதிர்: அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. சொட்டு மருந்தாலேயே சில குழந்தைகளுக்கு வாதம் வந்ததே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மேட்டூரான்: யார் மறைத்தது? மிக அரிதாக வரும். அதனால்தான் 2015இல் ஊசி சேர்த்தார்கள், 2016இல் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரசை எடுத்தார்கள். பேச்சை மாற்றாதீர்கள். 741 எப்படி 42 ஆனது?

கதிர்: ஒழிந்தது வேறு, குறைந்தது வேறு. நான் ஒழிந்ததைப் பற்றிப் பேசுகிறேன்.

மேட்டூரான்: நேற்று "போனது" என்றுதானே எழுதினீர்கள்! 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்துவிட்டது. அன்றைக்கு எத்தனை வீட்டில் கழிப்பறை இருந்தது?

சரசு: நான் போன ஊரில் பாதி வீட்டில் இல்லை.

கதிர்: உங்கள் ஊர் ஒன்றே இந்தியா இல்லை. கழிப்பறைதான் காரணம், எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மேட்டூரான்: 741. 42. பதில் வரும்வரை இதையேதான் கேட்பேன்.