சொல் வேண்டல்: ‘ஜீனோபேஜி’ – அயலுண்ணலா, உட்பகையுண்ணலா?

வணக்கம். நோய்த்தடுப்பியல் கலைச்சொல் பட்டியலில், செல் தன் உட்பொருள்களைத் தானே செரிக்கும் ‘ஆட்டோபேஜி’க்குத் தன்னுண்ணல் என்று வைத்துவிட்டோம். அதன் கிளையான ‘ஜீனோபேஜி’ இன்னும் நிற்கிறது. செல்லுக்குள் புகுந்த பாக்டீரியாவைச் செல்லே பொதிந்து செரிப்பதுதான் இது. ‘அயலுண்ணல்’ சரிவருமா?

---

> ‘அயலுண்ணல்’ சரிவருமா?

வராது ஐயா. பெருவிழுங்கி (கிருமிகளை விழுங்கும் ‘மேக்ரோபேஜ்’ செல்) வெளியே திரியும் கிருமியை விழுங்குவதும் அயலை உண்பதுதான். அங்கே செல்லின் புறச்சவ்வு உள்மடிந்து ஒற்றைச் சவ்வுப் பையாகிறது. இங்கே கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதைச் சுற்றிச் சவ்வு புதிதாக வளர்கிறது.

சால்மோனெல்லாவைப் பாருங்கள். அது தங்கியிருக்கும் பை கிழிந்தால், பையின் உட்புறச் சர்க்கரைத் தொடர்கள் சைட்டோபிளாசத்துக்குத் தெரிந்துவிடும். கேலக்டின்-8 என்ற புரதம் அவற்றைப் பற்றிக்கொண்டு என்டிபி52 என்ற ஏற்பியை வரவழைக்கும். பையைவிட்டு வெளியே வந்துவிட்ட கிருமியின் மேல் யுபிக்விட்டின் என்ற அடையாளப் புரதம் படியும். என்டிபி52, பி62, ஆப்டிநியூரின் மூன்றும் யுபிக்விட்டினையும், தன்னுண்ணல் சவ்வில் பதியும் எல்சி3 புரதத்தையும் இணைத்துப் பிடிக்கும். எல்சி3 பதிந்த சவ்வு வளர்ந்து இரட்டைச் சவ்வுப் பொதியாக மூடிக்கொள்ளும். அப்புறம்தான் செரிப்பு நொதிகள் நிறைந்த லைசோசோம் வந்து சேரும், செரிப்பு நடக்கும்.

பகை உள்ளே இருக்கிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘உட்பகையுண்ணல்’ என்கிறேன்.

---

அம்மா, கருத்து சரி, சொல்தான் இடிக்கிறது. உட்பகை என்றால் நம்மவரே பகையாவது. பழுதான மைட்டோகாண்டிரியாவைச் செல் உண்பதற்குத்தான் அது பொருந்தும். ‘ஊடுருவியுண்ணல்’ என்றும் பார்த்தேன். ‘ஊடுருவிச் சென்று உண்ணுதல்’ என்று படித்துவிடுவார்கள், உண்பவர் யாரென்பதே மாறிவிடும்.

‘புகுபகையுண்ணல்’ எப்படி? வினைத்தொகை, புகுந்த பகை, புகுகின்ற பகை இரண்டும் அடங்கும்.

---

புகுபகையுண்ணலை ஏற்கிறேன். ஆனால் ‘பொதிதல்’, ‘செரித்தல்’ இரண்டையும் தனித்தனிப் பதிவாக வையுங்கள். கிருமிகள் ஒரே படியில் தடுப்பதில்லை. லிஸ்டீரியா, ஆக்டா புரதத்தால் ஆக்டினைப் போர்த்திக்கொண்டு, ஏற்பிகளுக்குச் சிக்காமல் நழுவும். லெஜியோனெல்லாவின் ராவ்இசட் நொதி, எல்சி3-ஐச் சவ்விலிருந்து வெட்டிவிடும்; வெட்டுண்டது திரும்ப ஒட்டாது. இவை பொதிதலைக் கெடுப்பவை.

காசநோய்க் கிருமியின் வழி வேறு, அது கெடுப்பது செரித்தலை. தன்னை விழுங்கிய பையை லைசோசோமோடு சேரவிடாது. பிஎச் 5-க்கு அருகே இறங்க வேண்டியது 6.2–6.4 அளவிலேயே நின்றுபோகும். செல்லைப் பட்டினி போட்டோ ராபமைசின் மருந்து கொடுத்தோ தன்னுண்ணலைத் தூண்டினால் இந்தத் தடை தளர்கிறது என்று 2004-இல் காட்டினார்கள். டி செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சைகைப் புரதமும் பெருவிழுங்கியை இதே வழியில் முடுக்குகிறது. அதன் ஏற்பி பிறவியிலேயே பழுதானவர்களுக்குப் பிசிஜி தடுப்பூசிக் கிருமியே கடும் நோயாகிவிடுவதைப் பார்த்தால் இதன் எடை புரியும்.

ஆய்வகத்தில் வரும் குழப்பத்தையும் விளக்கக் குறிப்பில் சேர்க்க வேண்டும். கிருமியைச் சுற்றி எல்சி3 ஒளிர்ந்தாலே புகுபகையுண்ணல் என்று எழுதிவிடுகிறார்கள். சாதாரண விழுங்குபையின் ஒற்றைச் சவ்விலும் எல்சி3 ஏறுவதுண்டு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரட்டைச் சவ்வு தெரிந்தால்தான் உறுதி. எல்சி3-II (சவ்வில் ஒட்டிய எல்சி3 வடிவம்) கூடியிருப்பதும் செரிப்பு கூடியதற்குச் சான்றாகாது. லைசோசோம் வேலை நின்றுபோனாலும் அது தேங்கிக் கூடும். லைசோசோம் செரிப்பைத் தடுக்கும் பாஃபிலோமைசின் சேர்த்த மாதிரியையும் சேர்க்காத மாதிரியையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். சேர்த்தபின் அளவு மேலும் ஏறினால், பொதிதலிலிருந்து செரித்தல் வரையிலான ஓட்டம் நடக்கிறது. ஏறாவிட்டால் செரிப்பு ஏற்கெனவே அடைபட்டிருக்கலாம், அல்லது பொதிதலே நடக்காமல் இருக்கலாம்.

---

சேர்த்துவிட்டேன். பதிவு இப்படி:

புகுபகையுண்ணல் – செல்லுக்குள் புகுந்த கிருமியைத் தன்னுண்ணல் புரதங்கள் அடையாளங்கண்டு, இரட்டைச் சவ்வால் பொதிந்து, லைசோசோமில் செரித்தல். ஒ.நோ: விழுங்கல். உட்பதிவுகள்: பொதிதல், செரித்தல்.

‘ஒற்றைச் சவ்வில் எல்சி3 ஏறுதல்’ தனிச்சொல்லாக வேண்டும். அதற்கு வேறு இழை தொடங்குகிறேன்.