குழந்தை விழுங்கும் மண் நாளுக்கு 100 மில்லிகிராம்: டெல்லிக்குப் பொருந்துமா?

மயூர்விஹார் மாமி: மே மாதம் ஆந்தி (புழுதிப் புயல்) அடித்தால் ஜன்னலைச் சாத்தினாலும் தரையில் விரலால் கோலம் போடலாம். அதில்தான் என் பேரன் தவழ்கிறான், கை எப்போதும் வாயில். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2011 கையேட்டில், 1 முதல் 6 வயதுக்குள் மண்ணும் வீட்டுத் தூசியும் சேர்த்து நாளுக்கு 100 மில்லிகிராம் என்று இருக்கிறது. இதை யார் எடை போட்டார்கள்?

கரோல்பாக் கணேஷ்: வாயில் தராசு வைக்க முடியாது மாமி, டயப்பரில்தான் தேடுகிறார்கள். மண்ணில் உள்ள அலுமினியம், சிலிக்கான் போன்றவற்றை உடம்பு பெரும்பாலும் உறிஞ்சாது. மலத்தில் வந்ததிலிருந்து சாப்பாடு, மருந்து வழியே போனதைக் கழித்து, மிச்சத்தை அந்த வீட்டு மண்ணில் உள்ள அளவால் வகுத்தால் விடை. அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்டில் காலாப்ரீஸ் என்ற ஆய்வாளரின் குழு 64 குழந்தைகளிடம் இப்படி அளந்து 1989-ல் வெளியிட்டது. 6 பெரியவர்களை, அளந்த மண் அடைத்த காப்ஸ்யூலை விழுங்கவைத்துச் சரியும் பார்த்தார்கள்.

ஆர்கேபுரம் வாசி: அந்தக் கழித்தலில்தான் ஓட்டை. டைட்டானியம் டை ஆக்சைடு பற்பசையிலும் மிட்டாயிலும் இருக்கிறது. ஒரே குழந்தைக்கு டைட்டானியம் ஒரு விடை சொல்லும், சிலிக்கான் இன்னொன்று சொல்லும். சிலருக்கு மைனஸில்கூட வந்தது. மைனஸ் மண்ணை யார் சார் தின்பார்கள்?

கரோல்பாக் கணேஷ்: இன்று தின்றது நாளையோ மறுநாளோதான் வெளியே வரும். நாள் பொருந்தாவிட்டால் மைனஸ் வரத்தான் செய்யும். அதனால்தான் பல பேருடைய கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஆர்கேபுரம் வாசி: சரி, நம் வீட்டு அலுமினியக் குக்கரில் கொதிக்கும் புளிக்குழம்பு? அதுவும் மண் கணக்கில் ஏறுமே!

கரோல்பாக் கணேஷ்: ஏறாது. குழந்தை சாப்பிட்ட அளவுக்கே சமைத்த சாப்பாட்டை இன்னொரு தட்டில் எடுத்து அளப்பார்கள். குக்கரிலிருந்து இறங்கியது அதிலேயே அடங்கிவிடும்.

ஆர்கேபுரம் வாசி: துப்பியதையும் சிந்தியதையும் யார் பொறுக்கி எடை போட்டது? அதுவும் புல்வெளி உள்ள பல்கலைக்கழக ஊரில், சில நாள் மட்டும். பக்கத்தில் நாலு கட்டட வேலை நடக்கிற நம் தெருவுக்கு அந்த 100 எப்படி வரும்? இங்கே ஐம்பது வீட்டிலாவது அளக்கட்டும், பேசலாம்.

நொய்டா நித்யா: 100 மில்லிகிராம் என்பது ஒரு 500 பாராசிட்டமாலில் ஐந்தில் ஒரு பங்கு. அது 80-ஆ 150-ஆ என்பதைவிட அந்த மண்ணில் ஈயம் எவ்வளவு என்பதுதான் என் கவலை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது, மண்ணில் படிந்த ஈயம் மக்கிப்போகாது. மாமி, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பாட்டுக்கு முன் பேரன் கையையும் கழுவிவிடுங்கள்.

ஆர்கேபுரம் வாசி: அதில் சண்டை இல்லை. ஆனால் எவ்வளவு ஈயம் உள்ளே போகிறது என்று சொல்லவும் அதே 100-ஐத்தானே பெருக்குவீர்கள்?